கதிர் வெளுத்தப்புறம் மருந்து எதுக்கு? நெல் பூஞ்சாண நோய் பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்கால்வாசி நெல்லுல வர்ற பூஞ்சாண நோய் பத்தித்தான். போட்டோ எடுத்து அனுப்பினவங்களுக்கு ரொம்ப நன்றி, வெறும் "இலை காயுது"ன்னு எழுதுறத விட அது எவ்வளவோ உதவி. ஆனா எல்லாருமே "என்ன மருந்து"ன்னு கேட்டிருக்கீங்க, "எப்போ அடிக்கணும்"னு ஒருத்தர் கூட கேக்கல, அதுதான் எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. நெல்லுல பூஞ்சாணத்துக்கு மருந்து பேர விட தேதிதான் பெருசு, கீழ பதில்கள்ல அத திரும்ப திரும்ப சொல்லியிருப்பேன், பொறுத்துக்கோங்க.

கேள்வி: பயிர் பால் புடிக்கிற நேரம். அங்கங்க கதிர் வெள்ள வெளேர்னு நிமிந்து நிக்குது, உள்ள மணியே இல்ல. ஒருத்தர் தண்டு துளைப்பான்னு சொல்றார், இன்னொருத்தர் குலைநோய்னு சொல்றார். எத நம்புறது, என்ன அடிக்கிறது?

பதில்: ரெண்டு பேரையும் விடுங்க, வயல்ல இறங்கி அந்த வெள்ளக் கதிர புடிச்சு மெதுவா மேல இழுங்க. கையோட சுலபமா உருவிக்கிட்டு வந்துச்சுன்னா, அடிப்பக்கம் கடிச்ச மாதிரி பிசிரு பிசிரா இருந்துச்சுன்னா அது தண்டு துளைப்பான். அந்த தண்ட பொளந்து பாருங்க, புழுவோ புழு எச்சமோ இருக்கும். இழுத்தா வரலையா, அப்போ கதிரோட கழுத்த பாருங்க, அதாவது கதிர் கிளைங்க ஆரம்பிக்கிறதுக்கு கீழ இருக்கிற முதல் கணு. அந்த இடம் ஒரு கால் இஞ்சு அளவுக்கு கருகின மாதிரி பழுப்பாவோ கருப்பாவோ மாறி, நகத்தால லேசா அழுத்தினா படக்னு ஒடிஞ்சா அது கழுத்துக் குலைநோய். நீங்க அனுப்பின ரெண்டாவது போட்டோல அந்த கருப்பு வளையம் தெளிவா தெரியுது, அதனால உங்க வயல்ல இருக்கிறது குலைநோய்தான்.

இப்போ கஷ்டமான விஷயம். வெளுத்த கதிருக்கு எந்த மருந்தும் உயிர் குடுக்காது. கழுத்துல பூஞ்சாணம் புகுந்துட்டா மேல போற தண்ணியும் சத்தும் அங்கேயே அடைபட்டுடுது. கதிர் வந்த உடனே புகுந்தா முழுக்க பதர், பாதி மணி புடிச்சப்புறம் புகுந்தா கருக்காவும் அரைமணியுமா கதிர் ஒடிஞ்சு தொங்கும். ஏன் காப்பாத்த முடியாதுன்னா, இந்த பூஞ்சாணம் நுழையுற விதம் அப்படி. காத்துல வர்ற வித்து, அதாவது பூஞ்சாணம் பரவுறதுக்கு விடுற தூள் மாதிரி விதை, பனி ஈரத்துல இலை மேல ஒட்டிக்கிட்டு முளைச்சு, நுனில ஒரு குட்டி குமிழ் கட்டும், அந்த குமிழோட சுவர்ல மெலனின்னு ஒரு கருப்பு பூச்சு பூசிக்கும், உள்ள தண்ணிய இழுத்து இழுத்து பிரஷர் ஏத்தும். அளந்து பாத்திருக்காங்க, சுமார் 80 வளிமண்டல அழுத்தம் வரைக்கும் போகுது, கார் டயர்ல இருக்கிற காத்து அழுத்தத்த விட 40 மடங்கு. அந்த பலத்துல ஆணி அடிக்கிற மாதிரி இலைத்தோல குத்தி உள்ள போயிடுது. குலைநோய்க்கு எல்லாரும் வாங்குற டிரைசைக்ளசோல் என்ன பண்ணுதுன்னா அந்த கருப்பு பூச்ச பூசவிடாம தடுக்குது, பூச்சு இல்லன்னா பிரஷர் ஏறாது, குத்த முடியாது, அவ்வளவுதான். அப்போ ஏற்கனவே குத்தி உள்ள போனதுக்கு அந்த மருந்து என்ன பண்ணும், நீங்களே யோசிச்சு பாருங்க. கதவுக்கு தாழ்ப்பாள் போடுறது திருடன் வெளிய இருக்கும்போதுதான்.

அதனால சரியான நேரம் தொண்டைக்கதிர், அதாவது கதிர் இன்னும் இலையுறைக்குள்ளயே இருக்கிற பருவம், முடிஞ்சு அங்கொண்ணும் இங்கொண்ணுமா கதிர் எட்டிப்பாக்குற சமயம். இலையில ஏற்கனவே குலைநோய் புள்ளி இருந்திருந்தா, வானம் மோடம் போட்டு ராத்திரி பனி காலைல 9 மணி வரைக்கும் காயாம இருந்தா, அந்த நேரத்த விடவே கூடாது. உங்க வயல்ல இன்னும் கதிர் வெளிய வராத குத்துங்க நிறைய இருந்தா இப்போ அடிச்சா அதுங்கள காப்பாத்தலாம், எல்லாமே வந்துடுச்சுன்னா காச தண்ணில போடாதீங்க. இன்னொண்ணு, டோஸும் அறுவடைக்கு எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்ங்கிறதும் பாக்கெட் மேலயே போட்டிருக்கும், அத மீறாதீங்க. ஐரோப்பிய யூனியன் 2017ல அரிசில டிரைசைக்ளசோல் மிச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இருந்தத 0.01 மில்லிகிராமா குறைச்சிட்டாங்க, மணி முத்துற நேரத்துல பயந்துக்கிட்டு அடிக்கிற கடைசி ஸ்ப்ரேதான் இந்த மாதிரி சிக்கல்ல கொண்டு போய் விடும்.

கேள்வி: என் பயிர் கருகருன்னு பச்சையா செழிப்பா இருந்துச்சு, பக்கத்து வயல் வெளிறிப்போய் இருந்துச்சு. குலைநோய் எனக்குத்தான் வந்துச்சு, அவங்களுக்கு பேருக்குத்தான் ரெண்டு புள்ளி. ரெண்டு பேரும் ஒரே ரகம். இது என்ன நியாயம்?

பதில்: உங்க கோபம் புரியுது, ஆனா அந்த கருகருன்னு இருந்த பச்சைதான் காரணம். தேவைக்கு மேல யூரியா போட்டா இலை தளதளன்னு மெத்துனு ஆயிடும், இலைத்தோல்ல இருக்கவேண்டிய சிலிக்கா குறஞ்சிடும், தூர் அதிகமாகி வயல் அடர்ந்து உள்ள காத்தே போகாது, ராத்திரி புடிச்ச பனி லேசுல காயாது. பூஞ்சாணத்துக்கு வேண்டியது எல்லாத்தையும் நாமளே சேத்து வச்ச மாதிரி. ஒரு புள்ளி விழுந்தா அதுல ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல வித்து உண்டாகுது, ரெண்டு வாரம் வரைக்கும் விடாம உண்டாகும், சீதோஷ்ணம் சாதகமா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள அடுத்த தலைமுறை புள்ளி தயார். அதனாலதான் திங்கக்கிழமை பாத்தப்போ ஒண்ணுமில்ல, அடுத்த வாரம் வயலே எரிஞ்ச மாதிரி ஆச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க.

இனிமே யூரியாவ ஒரே மூச்சுல கொட்டாம மூணு நாலு தவணையா பிரிச்சு போடுங்க, இலை வண்ண அட்டை கைல வச்சு இலையோட நிறத்த ஒப்பிட்டு பாத்து தேவைன்னா மட்டும் போடுங்க. இலையில குலைநோய் ஓடிக்கிட்டு இருக்கும்போது மேலுரம் போடவே போடாதீங்க, இத கெஞ்சி கேட்டுக்கிறேன், "நோய் வந்து சோந்து போச்சு, கொஞ்சம் யூரியா குடுத்தா தெளிஞ்சிடும்"னு நெனச்சு போட்டு மொத்தமா எரிஞ்சு போன வயல நான் கண்ணால பாத்திருக்கேன், அந்த வயல்காரர் வரப்புல உக்காந்திருந்தது இன்னும் மறக்கல. அந்த சமயத்துல வயல காயவும் விடாதீங்க, தண்ணி இல்லாம காஞ்ச பயிர்லதான் குலைநோய் இன்னும் வேகமா பரவும். சிலிக்காவுக்கு பெருசா செலவு வேணாம், உமிச்சாம்பல்லயும் வைக்கோல்லயும் அது நிறைய இருக்கு. ஆனா நோய் வந்த வயலோட வைக்கோல அப்படியே நாத்தங்கால் பக்கத்துல போட்டு வைக்காதீங்க, பூஞ்சாணம் அதுல அடுத்த பருவம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும். மக்க வச்சு போடுங்க.

கேள்வி: இலையில எள்ளு தெளிச்ச மாதிரி பழுப்பு புள்ளி. இதுவும் குலைநோய்தானா மேடம்?

பதில்: இல்லங்க, எள்ளுன்னு நீங்களே சரியான வார்த்தைய புடிச்சிட்டீங்க. குலைநோய் புள்ளி ரெண்டு பக்கமும் கூரா கண்ணு மாதிரி இருக்கும், நடுவுல சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. உங்களோடது நீள்வட்டமா, முழுசும் பழுப்பா, சுத்தி லேசா மஞ்சள் வளையத்தோட இருக்கு, இது செம்புள்ளி நோய். குலைநோய் கொழுத்த பயிர தேடும், இது பட்டினி கிடக்கிற பயிர தேடும். பொட்டாஷ் கம்மியான மண்ணு, சிலிக்காவும் மாங்கனீசும் இல்லாத மண்ணு, தண்ணிக்கு தவிச்ச பயிர், இங்கல்லாம்தான் வரும். அதனால மருந்துக்கு முன்னாடி மண் பரிசோதனை பண்ணுங்க, சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் குடுங்க, தொழு உரம் போடுங்க. விதை மூலமாவும் இது வரும், அதனால இந்த வயல் நெல்ல விதைக்கு எடுக்காதீங்க.

சின்ன புள்ளிதானேன்னு விட்டுடக்கூடாதுங்கிறதுக்கு ஒரு விஷயம் சொல்றேன். 1943 வங்காளப் பஞ்சம் எல்லாருக்கும் தெரியும், 20 லட்சத்துல இருந்து 30 லட்சம் பேர் வரைக்கும் செத்துப்போனாங்கன்னு கணக்கு சொல்றாங்க. அதுக்கு முந்தின வருஷம், 1942 அக்டோபர்ல அங்க ஒரு பெரிய புயல், அந்த பருவத்துல வெளைஞ்சுக்கிட்டிருந்த நெல்ல இந்த செம்புள்ளி நோய் புடிச்சு அழிச்சிடுச்சு. நெல் நோய் ஆராய்ச்சியில பெரிய பேரான எஸ்.ஒய். பத்மநாபன் 1973ல எழுதின கட்டுரைல பஞ்சத்துல இந்த பூஞ்சாணத்துக்கு பெரிய பங்குன்னு சொன்னார். பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் அத ஒத்துக்கல, விளைச்சல் அவ்வளவு ஒண்ணும் குறையல, போர்க்கால விலையேத்தத்துல ஏழைக்கு அரிசி வாங்குற சக்தி போனதுதான் காரணம்னு கணக்கு போட்டு காட்டினார். நான் படிச்ச வரைக்கும் சென் சொல்றதுதான் எனக்கு சரின்னு படுது, பூஞ்சாணம் மட்டும் அத்தன பேர கொல்லல, மனுஷங்க எடுத்த முடிவும் சேந்துதான் கொன்னுச்சு. ஆனா ஒரு இலைப்புள்ளி அந்த வாக்குவாதத்துல இடம் புடிக்கிற அளவுக்கு வயல அழிச்சிருக்குங்கிறது உண்மைதானே.

கேள்வி: இலை நுனில இருந்து ஓரமா அலை அலையா மஞ்சளாகி காயுது. ரெண்டு தடவை பூஞ்சாண மருந்து அடிச்சும் நிக்கல.

பதில்: நிக்காது, இது பூஞ்சாணமே இல்ல, பாக்டீரியா இலைக்கருகல்னுதான் தோணுது. காலைல ஒரு இலைய, நோய் வந்த பகுதியும் நல்ல பகுதியும் சேர்ற இடத்துல வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி வெட்டுவாய் தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி வச்சுட்டு கொஞ்ச நேரம் அசைக்காம பாருங்க. வெட்டின இடத்துல இருந்து பால் மாதிரி நூலா கசிஞ்சு இறங்கும். அப்படி இறங்கினா பூஞ்சாண மருந்து செலவ நிறுத்திட்டு, தண்ணிய வடிச்சு, யூரியாவ நிறுத்துங்க.

கேள்வி: நாத்தங்கால்ல சில நாத்து மட்டும் மத்ததோட ஒரு மடங்கு உயரமா, மெலிஞ்சு, வெளிர் மஞ்சளா வளருது. நல்ல வீரியம்னு நெனச்சு நட்டுட்டோம், நட்ட கொஞ்ச நாள்ல செத்துடுச்சு.

பதில்: தம்பி, இது பக்கனே நோய். ஜப்பான் பேரு, அவங்க மொழில புத்தியில்லாத நாத்துன்னு அர்த்தம் வரும். இதுக்கு பின்னாடி இருக்கிற கதை எனக்கு ரொம்ப புடிக்கும். 1926ல தைவான்ல வேலை பாத்த குரோசாவான்னு ஒரு ஜப்பான்காரர், இந்த பூஞ்சாணத்த வளத்து, அது வளந்த தண்ணிய மட்டும் வடிகட்டி எடுத்து, பூஞ்சாணமே இல்லாத அந்த தண்ணிய நல்ல நாத்துக்கு குடுத்தார், நாத்து சரசரன்னு வளந்துச்சு. அப்போ பூஞ்சாணம் ஏதோ ஒரு பொருள சுரக்குதுன்னு தெரிஞ்சுது, 1935ல யபுத்தாங்கிறவர் அதுக்கு ஜிப்ரலின்னு பேர் வச்சார். இன்னைக்கு விதையில்லா திராட்சைய பெருசாக்க அடிக்கிறாங்களே, அதே ஜிப்ரலின்தான். உங்க நாத்த கொன்ன அதே பூஞ்சாணம்தான் அத உலகத்துக்கு காட்டிக் குடுத்துச்சு.

இது முக்கியமா விதையில வர்றது. விதை ஊற வைக்கிறதுக்கு முன்னாடி 10 லிட்டர் தண்ணில ஒரு கிலோவுக்கு மேல உப்பு கரைச்சு, ஒரு முட்டைய போட்டா அது மிதக்குற பதத்துல வச்சு, விதைய கொட்டி கலக்குங்க. மிதக்குறத எல்லாம் அள்ளி வீசிடுங்க, நோய் வந்த மணி பெரும்பாலும் எடை இல்லாம மேலதான் வரும். மூழ்கினத நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசுங்க, உப்பு இருந்தா முளைப்பு போயிடும். அப்புறம் சூடோமோனாஸ்ங்கிற நன்மை செய்யற பாக்டீரியா தூள்னா கிலோ விதைக்கு 10 கிராம், இல்ல கார்பன்டசிம்ங்கிற பூஞ்சாண மருந்துன்னா 2 கிராம், ஏதாவது ஒண்ணுல நேர்த்தி பண்ணா போதும். நாத்தங்கால்ல ஒசந்து நிக்கிற நாத்த பாத்த உடனே வேரோட பிடுங்கி எடுத்துடுங்க, நடவே நடாதீங்க.

கேள்வி: தூர் அடில, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல பாம்புச்சட்டை மாதிரி திட்டு திட்டா இருக்கு, மேல மேல ஏறுது. வரப்போரம்தான் முதல்ல வந்துச்சு.

பதில்: இலையுறை கருகல். வரப்போரம் ஏன் முதல்லன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அந்த திட்டுங்க மேல கடுகு மாதிரி பழுப்பு உருண்டைங்க ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் பூஞ்சாணத்தோட வித்துக்கட்டி, உதுந்து மண்ணுல வருஷக்கணக்குல கிடக்கும். சேறு அடிச்சு தண்ணி நிக்கும்போது எல்லாம் மிதந்து, காத்து தள்ளுற பக்கம் வரப்போரமா நுரையோடயும் குப்பையோடயும் ஒதுங்கும். நடவுக்கு முன்னாடி அந்த மூலைல இருக்கிற நுரையையும் குப்பையையும் ஒரு கூடையில அள்ளி வெளிய கொண்டு போய் எரிச்சிடுங்க, பைசா செலவில்லாத வைத்தியம் இது. ஒரு வயல் தண்ணிய அப்படியே அடுத்த வயலுக்கு பாய விட்டா கட்டிங்களும் கூடவே போகும். வரப்பு புல்லுலயும் இது வாழும், அதனால வரப்ப செதுக்கி வைங்க. நடவ நெருக்கமா போடாதீங்க. மருந்துன்னா ஹெக்சகோனசோல், வாலிடாமைசின், அசாக்சிஸ்ட்ரோபின் இதுல ஒண்ணு, ஆனா ஸ்ப்ரேய தூரோட அடியில படுற மாதிரி அடிக்கணும், எல்லாரும் மேலாக்க இலைல அடிச்சுட்டு மருந்து வேலை செய்யலன்னு சொல்றாங்க.

கேள்வி: கதிர்ல மணிக்கு பதிலா பச்சையும் மஞ்சளுமா உருண்டை, தொட்டா கையெல்லாம் தூள். பெரியவங்க நெல்பழம் வந்தா விளைச்சல் அமோகம்னு சொல்றாங்க. அப்படியே விட்டுடலாமா?

பதில்: பெரியவங்க சொன்னதுல ஒரு உண்மை இருக்கு. நல்ல மழை ஈரம், நல்ல தழைச்சத்து இருக்கிற வருஷம் விளைச்சலும் வரும், இந்த பூஞ்சாணமும் வரும். ரெண்டும் சேந்து வந்தத பாத்து ஒண்ணு இன்னொண்ண கொண்டு வந்துச்சுன்னு நெனச்சுட்டாங்க. முன்ன ஒரு கதிர்ல ஒண்ணு ரெண்டு இருந்தப்போ அது பரவாயில்ல, நீங்க அனுப்பின படத்துல ஒரே கதிர்ல பத்துக்கு மேல இருக்கு, பக்கத்து மணியும் சுருங்கியிருக்கு.

உருண்டை முதல்ல ஆரஞ்சா இருந்து அப்புறம் பாசிப்பச்சை, கடைசில கருப்பா ஆகும். ஆனா பூஞ்சாணம் உள்ள போனது கதிர் வெளிய வர்றதுக்கு முன்னாடியே, தொண்டைக்குள்ள இருக்கும்போதே. அதனால புரோப்பிகோனசோலோ காப்பர் ஹைட்ராக்சைடோ எதுவா இருந்தாலும் தொண்டைக்கதிர்ல அடிக்கணும், உருண்டைய பாத்தப்புறம் அடிச்சா அந்த உருண்டை போகாது. இப்போ பண்ண முடிஞ்சது, காலைல பனி ஈரத்தோட தூள் பறக்காத நேரத்துல உருண்டை இருக்கிற கதிர கிள்ளி பைல போட்டு அகற்றுங்க, மூக்கு வாய கட்டிக்கோங்க. இந்த உருண்டைல அஸ்டிலாக்சின்னு ஒரு நச்சு இருக்கு, அதனால கதிரடிச்ச நெல்ல நல்லா தூத்தி உருண்டைகள பிரிச்சிடுங்க, மாட்டுக்கு போடுற தவிடுலயும் வைக்கோல்லயும் அது கலக்க விடாதீங்க.

கேள்வி: நோயே வராத ரகம் ஒண்ணு சொல்லுங்க, வயல் பூரா அதையே போட்டுடறேன்.

பதில்: எதிர்ப்பு ரகம் கண்டிப்பா போடுங்க, ஆனா "வயல் பூரா அதையே"ங்கிறதுலதான் ஆபத்து. தென் கொரியால டோங்கில்னு ஒரு வகை நெல்லு, விளைச்சல் பிரமாதம், குலைநோய்க்கும் அசரல, அத நாடு முழுக்க போட்டாங்க. 1978ல அந்த எதிர்ப்ப உடைக்கிற புது வகை குலைநோய் பூஞ்சாணம் கிளம்பி பெரிய நஷ்டம் ஆச்சு. பூஞ்சாணமும் மாறிக்கிட்டேதான் இருக்கும்.

இதுக்கு நேர் எதிரா சீனாவுல யுன்னான் மாகாணத்துல ஒண்ணு பண்ணாங்க, 2000ல நேச்சர் பத்திரிகைல வந்துச்சு. குலைநோய்க்கு சீக்கிரம் விழுற பசை அரிசி ரகத்தையும் எதிர்ப்பு உள்ள கலப்பின ரகத்தையும் வரிசை மாத்தி ஒரே வயல்ல நட்டாங்க, ஆயிரக்கணக்கான ஹெக்டேர்ல, விவசாயிங்களே. தனியா நட்டப்போ வந்தத விட பசை ரகத்துல குலைநோய் 94 சதவீதம் கம்மி, விளைச்சல் 89 சதவீதம் ஜாஸ்தி. மருந்தே வேணாம்னு விட்டுட்டாங்க. எதிர்ப்பு ரகத்து வரிசைங்க வித்து பரவுறதுக்கு வேலி மாதிரி நின்னுச்சு. அவங்க கையால அறுத்ததால ரெண்டு ரகத்தையும் பிரிக்க முடிஞ்சுது, மெஷின் வச்சு அறுக்கிறவங்களுக்கு அது ஒத்து வராது. அப்படின்னா வயலுக்கு ஒரு ரகமா ரெண்டு மூணு ரகம் பிரிச்சு போடுங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். இலையுறை கருகலுக்கு முழுசா தாங்குற ரகம் இன்னும் கிடையாது, அதையும் சேத்து தெரிஞ்சுக்கோங்க.

கேள்வி: இத்தனையும் தாண்டி அறுத்து மூட்டை கட்டிட்டோம். ஒரு மாசத்துல மூட்டைக்குள்ள சூடு, பூசணம் வாடை, மணி மஞ்சளாயிடுச்சு. காய வச்சு சாப்பிடலாமா அக்கா?

பதில்: படிச்சதும் வயித்தெரிச்சலா இருந்துச்சும்மா, வயல்ல காப்பாத்தி களத்துல விட்டது மாதிரி. அறுக்கும்போது நெல்லுல ஈரம் 20ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் இருக்கும், 24 மணி நேரத்துக்குள்ள காயப்போட ஆரம்பிக்கணும். சில மாசம் வைக்க 14 சதவீதத்துக்கு கீழ, விதைக்கோ வருஷம் முழுக்கவோ வைக்கிறதுன்னா 13க்கு கீழ இறங்கணும். ஈரமானி இல்லன்னா ஒரு மணிய பல்லுல கடிச்சு பாருங்க, டொக்குன்னு உடையணும், நசுங்கினா காயல. தரையில நேரா அடுக்காம மரக்கட்டை போட்டு அதுமேல, சுவத்துல இருந்து தள்ளி அடுக்குங்க.

பூசணம் புடிச்சத என்ன பண்றதுன்னா, கண்ணுக்கு தெரிஞ்சு பூசணம் இருக்கிற மூட்டைய சாப்பாட்டுக்கு எடுக்காதீங்க, கோழிக்கும் மாட்டுக்கும் கூட வேணாம். சில பூசணம் அஃப்ளடாக்சின்னு கல்லீரல கெடுக்குற நச்ச உண்டாக்கும், வெயில்ல காய வச்சா பூசணம் சாகும், நச்சு அப்படியே இருக்கும், சாதாரணமா சமைக்கிற சூட்டுலயும் அது அழியாது. நஷ்டம்தான், எனக்கு தெரியும், ஆனா குழந்தைங்க இருக்கிற வீடுன்னு எழுதியிருக்கீங்க. மத்த மூட்டைங்கள இன்னைக்கே பிரிச்சு, உள்ள கை விட்டு பாத்து, சூடு இருக்கிறத தனியா வச்சுட்டு, மீதிய மெல்லிசா பரப்பி காய வைங்க, மணிக்கொரு தடவை கிண்டி விடுங்க.